ஷூவைப் பார்ப்பவர்கள்

“எமெட்டை வெளிய எடுத்துடுங்க, கோச். நோ-ஹிட்டரா இருந்தா என்ன, எடுத்துடுங்க.”

டக்அவுட்டில் ஒருவன் மென்றுகொண்டிருந்த சூரியகாந்தி விதையைத் தொலியோடு விழுங்கினான். இன்னொருவன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டான். மூன்றாவது ஆள், முப்பது வயது, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், பெஞ்சு மரத்தை மூன்று முறை தட்டிவிட்டு இடது தோளுக்குப் பின்னால் துப்பினான். அது பின்னால் இருந்தவன் முழங்காலில் விழுந்தது. அவன் அதைத் துடைக்கக்கூட இல்லை. துடைத்தால் அதிர்ஷ்டம் போய்விடுமோ என்னவோ.

மார்னி ஸ்வோபோடா சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டாள்.

மே மாதம் அவள் பெல்டன் ஃபெர்ரி கெளுத்திகள் என்ற பேஸ்பால் அணியில் வேலைக்குச் சேர்ந்த அன்று அவளுக்குக் கிடைத்த புத்திமதி ஒன்றே ஒன்றுதான். எதிரணிக்காரன் ஒருத்தனுக்கும் சுத்தமான அடி ஒன்று விழாமல் நம் பிட்சர் பந்து போட்டுக்கொண்டே போகிறான் என்றால், அதற்குப் பெயர் என்னவென்று வாயைத் திறக்காதே. அவனை எடுங்கள் என்று செத்தாலும் கேட்காதே. மற்றபடி நீ எதை வேண்டுமானாலும் பேசிக்கொள், எப்படியும் எவனும் காதில் வாங்கப்போவதில்லை. புத்திமதி சொன்னவர் அணியின் தலைமைப் பயிற்சியாளர் வெண்டல் ப்ரூயிட். இப்போது அவள் கேட்டதும் அவரிடம்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஏழு இன்னிங்ஸ் முடிந்திருந்தது, இன்னும் இரண்டு பாக்கி. கெளுத்திகள் இரண்டு ரன், குவாரிவில் பூஜ்யம். ஏழு இன்னிங்ஸாகக் குவாரிவில் ஆட்கள் மட்டையைச் சுழற்றிக் காற்றைத்தான் அடித்தார்கள். பட்ட பந்துகளும் நேராக நம் ஆட்களின் கையில் வந்து விழுந்தன. மைதானத்தில் மூவாயிரம் பேர் இருந்தும், பீர் விற்கிறவன்கூடக் கூவுவதை நிறுத்தியிருந்தான்.

வெண்டல் கவிழ்த்துப்போட்ட பந்து வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார். அறுபத்தெட்டு வயது. மூன்றாவது இன்னிங்ஸில் விஷயம் அவருக்குப் பிடிபட்டபோது அதன்மேல்தான் இருந்தார். எழுந்தால் ராசி கெட்டுவிடும் என்று அப்போதிலிருந்து மூத்திரத்தை அடக்கிக்கொண்டிருந்தார். முகம் சிவந்திருந்ததற்கு வெயில் மட்டும் காரணமில்லை.

“சர்ச்சுல பிரசங்கம் நடக்கும்போது எழுந்து நின்னு குசு விட்டவ மாதிரி பேசுற, காலேஜு” என்றார், அவளைப் பார்க்காமல். அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

“நூத்திப் பன்னெண்டு பந்து போட்டுட்டான், கோச்.”

“எண்ணாத.”

“எண்ணுறதுக்குத்தானே என்னை வேலைக்கு வெச்சிருக்கீங்க.”

“நானா வெச்சேன்? ஓனரோட பொண்டாட்டி வெச்சா. அவ போன வருஷம் ராசிக்குன்னு ஒரு குதிரையக் கூட்டிட்டு வந்தா. ரெண்டு வாரம் மைதானம் பூரா லத்தி போட்டுட்டு அதுவாப் போயிடுச்சு. நீதான் மூணு மாசமா போக மாட்டேங்கற.”

சாதாரண நாளாக இருந்தால் பெஞ்சு முழுக்கச் சிரித்திருக்கும். இன்று சிரிப்பதும் ஆகாது.

மார்னி இருபத்து நாலு வயதுக்காரி. அவள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்த முதல் ஆள். உடம்பு எப்படி அசைகிறது, எங்கே தேய்கிறது, எப்போது அறுகிறது என்று நாலு வருஷம் படித்துவிட்டு வந்திருந்தாள். பெஞ்சில் உட்கார வேண்டுமானால் சீருடை போட்டிருக்க வேண்டும், அம்பயரிடம் கொடுக்கும் தாளில் பெயர் இருக்க வேண்டும் என்பது லீக்கின் சட்டம். அதனால் வெண்டலே ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தன் கோணல் எழுத்தில் ‘உதவிப் பயிற்சியாளர் ஸ்வோபோடா’ என்று எழுதிக் கொடுத்தார், ஏதோ பூனைக்கு ரேஷன் கார்டு எழுதுகிற முகத்தோடு. சீருடை எழுபத்தொன்றாம் எண், பாதி சீசனில் ஓடிப்போன ஒரு தடியனுடையது. பேண்ட்டை நாலு விரற்கடை மடித்துத் தைத்திருந்தாள்.

“உனக்கு ஒண்ணு சொல்றேன் கேளு” என்றார் வெண்டல். ஒன்று சொல்கிறேன் என்று ஆரம்பித்து ஒன்றோடு நிறுத்தியவர் அல்ல அவர். “இந்த ஆட்டத்துல பிட்சர்தான் ராஜா. பந்து அவன் கையில இருக்கிற வரைக்கும் மூவாயிரம் பேரும் மூச்சப் பிடிச்சுக்கிட்டுக் காத்திருக்கணும். வேற எந்த வேலைல ஒரு பண்ணைக்காரன் மகனுக்காக இத்தன பேரு காத்திருக்கான்? பேங்க்ல காத்திருப்பானா? இப்ப என்னடான்னா கடிகாரம் வெச்சிருக்கானுங்க. பதினஞ்சு நொடிக்குள்ள போடணுமாம். பொதுக் கக்கூஸ்ல உக்காந்திருக்கும்போது வெளிய கதவத் தட்டுற மாதிரி. அப்புறம் அந்தத் துப்பாக்கி. எவ்வளவு வேகம்னு காட்டுமாம். வேகத்த வெச்சு என்னத்தப் பண்ண? என் ரெண்டாவது பொண்டாட்டிகூட வேகமாத்தான் எறிவா, தட்டு ஒண்ணாவது எம்மேல பட்டுதா?”

“உங்க பொண்டாட்டிக்கு முழங்கை நல்லா இருந்திருக்கும், கோச். எமெட்டுக்கு இல்ல.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“நான் அவனப் பார்த்தேன்.”

அதுவே பெரிய குற்றம். ஏனென்றால் வேறு யாரும் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்பதுதான் வழக்கம். அடி வாங்காமல் போகிற பிட்சர் பெஞ்சின் ஒரு கோடியில் தனியாக உட்கார வேண்டும். அவன் பக்கத்தில் போகக்கூடாது, பேசக்கூடாது, அவன் பக்கம் கண்ணைத் திருப்பவும் கூடாது. எமெட் ஹால்வர்சனுக்கும் அடுத்த ஆளுக்கும் நடுவில் ஒரு கார் நிறுத்தலாம், அவ்வளவு இடம். அம்மை போட்டவனைப் போல விட்டுவைத்திருந்தார்கள்.

ஆகவே ஏழாவது இன்னிங்ஸ் முடிந்து எமெட் வந்து உட்கார்ந்து, வலது கையால் தண்ணீர் டம்ளரை எடுத்ததை மார்னி மட்டுமே பார்த்தாள். டம்ளர் விழுந்தது. அவன் அதைத் தட்டிவிடவில்லை, விரல் விட்டுவிட்டது. எமெட் சுற்றுமுற்றும் பார்த்தான். எவனும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் வேறொரு டம்ளரை இடது கையால் எடுத்தான்.

மார்னி எழுந்து அந்தக் காலி இடத்தைக் கடந்துபோனாள். பின்னால் யாரோ “ஏசுவே” என்று முனகினார்கள்.

“போயிடு மார்னி” என்றான் எமெட், உதடு அசையாமல். “ப்ளீஸ். எல்லாரும் பார்க்கறாங்க.”

“ஒருத்தனும் பார்க்கல. அதான் பிரச்சின. கையக் குடு.”

“நல்லாத்தான் இருக்கு.”

அவன் வலது கையின் சுண்டுவிரலை அவள் கிள்ளினாள், நகம் பதிகிற மாதிரி. அவன் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மோதிர விரலைக் கிள்ளினாள். அதற்கும் அவன் திரும்பவில்லை.

“இப்ப நான் என்ன பண்ணேன், சொல்லு.”

“நீ என்ன பண்ணின?”

அவள் அவன் கையை விட்டாள். அவனுக்கு இருபது வயது. காதுமடல் வெயிலில் உரிந்திருந்தது.

“கொஞ்சம் தூங்குது, அவ்வளவுதான்” என்றான். “அஞ்சாவதுலேர்ந்து. அந்த வைக்கோல் தொப்பி ஆளு உக்காந்திருக்கான் பார்த்தியா, அம்பயருக்குப் பின்னாடி? பெரிய கிளப்புக்கு ஆள் எடுக்கறவன். நாலு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்திருக்கான். இன்னும் ஆறு பேரு. ஆறே பேரு. எதுவும் சொல்லித் தொலைக்காத. சொன்னா உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்.”

“முழிக்காத. கை இருந்தாப் போதும்.”

“மார்னி!”

அதற்குள் எட்டாவது இன்னிங்ஸுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அவன் போனான். அவள் நேரே வெண்டலிடம் வந்து, சொல்லக்கூடாததைச் சொன்னது அப்போதுதான்.

எட்டாவது இன்னிங்ஸில் மூன்று பேரும் ஆட்டமிழந்தார்கள். ஆனால் எப்படி என்பதுதான் விஷயம். முதல் ஆள் அடித்த பந்து வேலி வரை போனது. நம் ஆள் வேலியில் மோதிக் கீழே விழுந்தும் பந்தை விடவில்லை. கூட்டம் கூரை பிய்கிற மாதிரி கத்தியது. மார்னி குறிப்பேட்டில் எழுதினாள்: ஒரு மணி நேரத்துக்கு முன்னால் எமெட்டின் கை காதுக்கு மேலிருந்து வந்தது, இப்போது தோளுக்குக் கீழிருந்து வருகிறது. மொத்தம் நூற்று இருபத்து நாலு பந்து.

அவளுடைய அப்பா பன்றிக்கறித் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷமாகத் தொடை அறுக்கிறார். ஒரே வெட்டு, நிமிஷத்துக்கு எட்டுத் தடவை. அவர் வலது கையில் கடைசி இரண்டு விரல்களும் கையில் இருக்கின்றன, ஆனால் அவருடையவை இல்லை. சட்டைப் பொத்தானை அம்மா போட்டுவிடுகிறாள். முதன்முதலில் விரல் மரத்தபோது மேஸ்திரி சொன்னது மார்னிக்கு மனப்பாடம்: “டேப்பச் சுத்திக்கோ, ஷிஃப்ட்ட முடி.” பக்கத்தில் நின்று அறுத்தவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். எல்லோரும் கறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அதே தொழிற்சாலையின் கேண்டீன் சுவரில்தான் வெண்டல் ப்ரூயிட்டின் படம் தொங்குகிறது, எண்பத்து நாலில் எடுத்தது: நாலு பேர் தோளில், வாயைப் பிளந்துகொண்டு, இடது கையை உயர்த்தி. வலது கையை ஏன் உயர்த்தவில்லை என்று சின்ன வயதில் அவள் அப்பாவிடம் கேட்டிருக்கிறாள். அவர் “சாப்பிடு” என்றார்.

நம் ஆட்கள் மட்டை பிடிக்கப் போனார்கள். எமெட் திரும்பவும் கோடியில் போய், கையின் மேல் ஜாக்கெட்டைப் போட்டு மூடிக்கொண்டு உட்கார்ந்தான்.

“கோச், அவனுக்கு ரெண்டு விரல்ல உணர்ச்சி இல்ல. கிள்ளிப் பார்த்தேன்.”

“நான் அதப் போட்டப்ப எனக்கு உடம்பு பூராவே உணர்ச்சி இல்ல” என்றார் வெண்டல். இதுதான் அவருக்குப் பிடித்த கதை. வாளியின் மேலேயே வாகாகத் திரும்பிக்கொண்டார். “எண்பத்து நாலு, ஆகஸ்ட். ஸ்டோக்ஸ்பரி மைதானம். முந்தின நாள் குடிச்ச குடியில மொத பந்து போடும்போது எனக்கு ரெண்டு கேச்சர் தெரியறானுங்க. எவன் நெசம்னு யாரு கண்டா? நடுவுல போட்டேன். நேரா விழுந்துது. மூணாவது இன்னிங்ஸ்ல, பந்து போடுற மேட்டுக்குப் பின்னாடி போய் வாந்தி எடுத்தேன். அம்பயர் கண்டுக்கல. அவனும் முந்தின நாள் எங்கூடத்தான் இருந்தான்.”

“எத்தன பந்து போட்டீங்க?”

“நூத்தி அறுபத்தெட்டு. பந்துல தடவத் தொப்பிக்கு அடியில வேசலின். அது இல்லாம போட்டேன்னு சொன்னா நரகத்துக்குத்தான் போவேன். மட்ட பிடிக்கிறவனுங்களுக்கு அது தெரியும். தெரிஞ்சும் எவனும் அழல. இப்ப ஒருத்தன் மேல பந்து லேசா ஒரசினாப் போதும், டாக்டரு, ஸ்ட்ரெச்சரு, அவங்கம்மா டிவியில பேட்டி. முழங்கையில கவசம், கணுக்கால்ல கவசம். ஆட வர்றானா, சண்டைக்குப் போறானா? வேலிக்கு மேல ஒண்ணு அடிச்சிட்டா மட்டயத் தூக்கி வீசிட்டு ஒரு நட நடக்கறானுங்க பாரு, புது மாப்பிள்ள படுக்கையறையிலேர்ந்து வெளிய வர்ற மாதிரி.”

“கோச், உங்க முழங்கை.”

“வர்றேன், இரு. எட்டாவது இன்னிங்ஸ்ல ஒரு சத்தம். கேரட்ட ஒடிச்ச மாதிரி. கேச்சருக்குக் கேட்டுச்சாம், அறுபது அடி தள்ளி. எனக்கு வலி ஒண்ணும் இல்ல. டக்அவுட்ட ஒரு தடவ பார்த்தேன். பார்க்கக்கூடாதுதான், பார்த்துட்டேன். பதினெட்டுப் பேரு. ஒருத்தன் கண்ணும் மேல இல்ல. எல்லாவனும் அவனவன் ஷூவையே பார்த்துட்டு இருக்கான். அடேங்கப்பா, என்ன மரியாதை! கோச்சும் ஷூவத்தான் பார்க்கறாரு. இந்தக் காலத்துப் பசங்களுக்கு அந்த மரியாதை வருமா?”

அவர் சிரித்தார். மார்னி சிரிக்கவில்லை.

“எதுக்கு டக்அவுட்டைப் பார்த்தீங்க?”

“என்ன?”

“எதுக்குப் பார்த்தீங்கன்னு கேட்டேன்.”

வெண்டல் காதைச் சொறிந்துகொண்டார், இடது கையால். வலது கை அவ்வளவு தூரம் வராது. அது பாதி மடங்கியபடியே நின்றுவிட்ட கை. நீட்டினால் கை குலுக்க வருகிறாரா, சில்லறை கேட்கிறாரா என்று புது ஆட்கள் குழம்புவார்கள்.

“தண்ணி கேக்கறதுக்குன்னு வெச்சுக்கயேன்” என்றார்.

“அதுக்கப்புறம் எத்தன ஆட்டம் போட்டீங்க?”

“எண்ணாதன்னு சொன்னேன்ல.”

“எத்தன?”

“மூணு” என்றார் வெண்டல். “ரெண்டரை.”

ஒன்பதாவது இன்னிங்ஸ் ஆரம்பித்தது. முதல் ஆள் நாலாவது பந்தை நேராக மேலே தூக்கினான். கேச்சரே முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டுப் பிடித்தான். இன்னும் இரண்டு பேர்தான். மூவாயிரம் பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

எமெட் வலது கையைத் தொடையில் தட்டினான். திரும்பவும் தட்டினான். மரத்துப்போன காலைத் தட்டி எழுப்புகிற மாதிரி.

“பாருங்க, கோச். ஒரு தடவ பாருங்க.”

வெண்டல் பார்த்துவிட்டார். ஒரு நொடிதான். வாளி கிரீச்சிட்டது.

“சரி, உன் தொல்ல தாங்கல. போய்ப் பேசிட்டு வர்றேன். டேய் புக்கானன்!” இரண்டு பிள்ளைக்காரன் ஓடி வந்தான். “நான் எழுந்த உடனே நீ இந்த வாளியில உக்காரு. சூடு ஆறக்கூடாது. நான் வந்ததும் எழுந்துக்க. ஒண்ணு, ரெண்டு, மூணு!”

புக்கானன் குதித்து உட்கார்ந்தான். வெண்டல் கால்களை ஒட்டி ஒட்டி வைத்துக்கொண்டு வெளியே போனார். இரண்டு மணி நேரத்து மூத்திரம் அப்படித்தான் நடக்கவிடும். சுண்ணாம்புக் கோடு வந்ததும் ஒரு தாவு தாவித் தாண்டினார். கோட்டை மிதித்தால் தீட்டு. இந்த அணியில் எவனும் மிதித்ததில்லை. அந்தத் தாவலில் அவருக்கு ஒன்றும் சிந்தாமல் இருந்தது பெரிய விஷயம்.

மேட்டில் இரண்டு பேரும் தலையைக் குனிந்து பேசினார்கள். எமெட் சிரித்தான். வெண்டல் அவன் பின்புறத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பி வந்தார். தாவி, நடந்து, வாளியில் உட்கார்ந்தார்.

“என்ன சொன்னான்?” என்றாள் மார்னி.

“கோழி ஈரல்.”

“என்னது?”

“கெளுத்தி பிடிக்க என்ன இரை போடுவேன்னு கேட்டேன். கோழி ஈரல்னான். எங்க ஊர்ப்பக்கம் சோப்புத் துண்டுதான் போடுவோம்னேன்.”

“கையப் பத்திக் கேக்கலயா?”

“கையப் பத்தியா? இந்த நேரத்துலயா? உனக்குப் பைத்தியமா?” என்றார் வெண்டல். உண்மையிலேயே அதிர்ச்சியாகத்தான் கேட்டார். “அதெல்லாம் கேக்கக்கூடாது.”

“அப்ப எதுக்குப் போனீங்க?”

வெண்டல் வாளியில் நகர்ந்து உட்கார்ந்தார். “இனிமே போகவும் முடியாது” என்றார். “ஒரு தடவ போயாச்சு. போன மாசம் பட்டது போதும்.”

போன மாசம் நடந்தது லீக் முழுக்கத் தெரியும். ஒரே இன்னிங்ஸில் பயிற்சியாளர்கள் இரண்டாவது முறை மேட்டுக்குப் போனால் பிட்சரை எடுத்தே ஆக வேண்டும். எந்தப் பயிற்சியாளர் என்பது கணக்கில்லை. போன மாசம் வெண்டல் நன்றாகப் போட்டுக்கொண்டிருந்த பிட்சரிடம் போய் ஒரு பாதிரியார், ஒரு கழுதை பற்றிய ஜோக்கைச் சொல்லிவிட்டு வந்தார். பாதி வழியில் கடைசி வரியைச் சொல்ல மறந்தது ஞாபகம் வந்தது. அடுத்த ஆள் மட்டை பிடிக்க வருவதற்குள் திரும்பிப் போய்ச் சொன்னார். அம்பயர் விரலைக் காட்டி, பிட்சரை வெளியே அனுப்பினார். ஆட்டத்தில் பதினொன்றுக்கு இரண்டு என்று தோற்றார்கள். ஜோக்குக்கும் யாரும் சிரிக்கவில்லை.

இரண்டாவது ஆள் மட்டையோடு வந்தான். எமெட் போட்ட நல்ல பந்தையெல்லாம் அவன் ஓரமாகத் தட்டித் தட்டிக் கோட்டுக்கு வெளியே விட்டான். ஆட்டமும் இழக்கவில்லை, அடியும் விழவில்லை. ஐந்து பந்து, எட்டுப் பந்து, பத்துப் பந்து, நடுவில் இரண்டு மட்டும் விலகிப்போன தப்புப் பந்து. ஒவ்வொன்றுக்கும் கூட்டம் மூச்சை இழுத்து விட்டது. பதினொன்றாவது பந்து கேச்சருக்கு இரண்டு அடி முன்னால் தரையில் குத்தியது. பன்னிரண்டாவது அவன் தலைக்கு மேல் பறந்தது. நாலாவது தப்புப் பந்து. அம்பயர் மட்டைக்காரனைச் சும்மா முதல் தளத்துக்கு அனுப்பினார். அது அடியாகக் கணக்கில் சேராது. நோ-ஹிட்டர் இன்னும் உயிரோடு இருந்தது. நூற்று நாற்பது பந்து.

குவாரிவில்லின் அடுத்த ஆள் மட்டையை உதறிக்கொண்டு நடந்து வந்தான்.

எமெட் பந்தைக் கையுறைக்குள் வைத்துக்கொண்டு நின்றான். வலது கை பக்கவாட்டில் தொங்கியது. அதன் சுண்டுவிரல் தனியாகச் சுருண்டிருந்தது. அவன் தலையைத் திருப்பி டக்அவுட்டைப் பார்த்தான். பார்க்கக்கூடாதுதான்.

மார்னி பெஞ்சைப் பார்த்தாள். புக்கானன் குனிந்திருந்தான். அவனுக்கு அடுத்தவன் குனிந்திருந்தான். அந்தக் கோடி வரை எல்லோரும் அவனவன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கல்லறையில் தலை குனிந்து நிற்கிற மாதிரி. வெண்டல் ப்ரூயிட்டும் குனிந்திருந்தார். அவருடைய ஷூ கயிறு ஒழுங்காகத்தான் கட்டியிருந்தது. அதை அவிழ்த்து மறுபடியும் கட்டிக்கொண்டிருந்தார், ஒற்றைக் கையால்.

மார்னி குறிப்பேட்டை மூடிப் பெஞ்சில் வைத்தாள். எழுந்தாள். தொப்பியைச் சரியாகப் போட்டுக்கொண்டாள்.

“உக்காரு” என்றார் வெண்டல், தலையைத் தூக்காமல்.

“கோச், அவன் தண்ணி கேக்கறான்.”

வெண்டலின் விரல் கயிற்றில் நின்றுவிட்டது.

“காலேஜு.” அவர் குரல் இறங்கியிருந்தது. “அம்பயர்கிட்ட இருக்கிற தாள்ல உன் பேரு இருக்கு. கோட்டைத் தாண்டினா முடிஞ்சுது, தெரியும்ல? அங்க மாத்திப் போட ஒருத்தனும் கையச் சூடு பண்ணிக்கக்கூட இல்ல. மூவாயிரம் பேரும் உன்னத் தின்னுடுவானுங்க. நாளைக்கு உனக்கு வேல இருக்காது. அந்தப் பையன் சாகுற வரைக்கும் உன்ன மன்னிக்க மாட்டான்.”

“தெரியும்.”

“உங்கப்பாவும் மன்னிக்க மாட்டாரு. அந்தாளு மூணாவது வரிசையில உக்காந்திருக்காரு.”

“அவரு சட்டப் பொத்தான அவரே போட்டுட்டு வந்திருந்தா அவர்கிட்ட கேட்டுட்டுப் போயிருப்பேன்.”

வெண்டல் அப்போதுதான் நிமிர்ந்தார். அவளைப் பிடித்து நிறுத்த வேண்டுமானால் வாளியைவிட்டு எழ வேண்டும். அவர் எழவில்லை. அதிர்ஷ்டத்துக்காகவா, வேறு எதற்காகவா என்று அவள் நின்று பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

மூன்று படி. மேலே வெயில் மூஞ்சியில் அறைந்தது. முதலில் அவளைப் பார்த்தது அம்பயர்தான். எழுபத்தொன்றாம் எண்ணைப் பார்த்தார், பைக்குள் கைவிட்டுத் தாளை எடுத்தார், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பெயர்களைத் தேட ஆரம்பித்தார். அடுத்தது வைக்கோல் தொப்பிக்காரன். பிறகு மூன்றாவது வரிசை, நாலாவது வரிசை என்று விஷயம் பரவியது. “யார்றா இவ?” என்றான் ஒருத்தன். “அடியே, போகாதடி!” என்று ஒரு கிழவர் கதறினார். பீர் டம்ளர் ஒன்று அவள் காலடியில் வந்து விழுந்தது. குறி ஒன்றும் மோசமில்லை.

மேட்டின் மேல் எமெட் தலையை ஆட்டினான். வேண்டாம், வேண்டாம் என்று. கண் நிறைந்திருந்தது. வலது கையைத் தூக்கி அவளைத் தடுக்கப் பார்த்தான். அது இடுப்புவரைதான் வந்தது.

முன்னால் வெள்ளைக் கோடு. காலையில் அடித்த சுண்ணாம்பு, வெண்டல் தாவிப் போய்த் தாவி வந்தும் ஒரு இடத்திலும் கலையவில்லை. மார்னி தாவவில்லை. அதை அழுத்தி மிதித்துக்கொண்டு நேராக நடந்தாள். சுண்ணாம்பு ஷூவில் அப்பியிருக்கும். அவள் குனிந்து பார்க்கவில்லை.